பெயரும் பேரேடும்: அர்பத்நாட் நிறுவன வீழ்ச்சியும் மயிலாப்பூரின் நம்பிக்கை வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிறுவனத்தின் உள்நிலையைக் காண இயலாதவர்கள் அதன் கடந்தகாலச் செயற்பாட்டைச் சான்றாகக் கொண்டே அதனை நம்புகின்றனர். அந்தச் சான்று எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்னும் வினாவை, 1906 அக்டோபரில் சென்னையில் நொடித்த அர்பத்நாட் நிறுவனத்தையும் அதன் விளைவாக 1907-இல் தோன்றிய இந்தியன் வங்கியையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. நீண்ட வரலாறுடைய நிறுவனம் வீழ்ந்த நகரில், வரலாறே இல்லாத ஒரு நிறுவனம் எவ்வாறு நம்பிக்கை பெற்றது என்பதே இதன் மையப் பொருள்.

திறவுச்சொற்கள்: செயற்பதிவு, நாணயம், அர்பத்நாட், இந்தியன் வங்கி, வி. கிருஷ்ணசாமி ஐயர், மயிலாப்பூர், நிதிகள்

செயற்பதிவு என்னும் சான்று

பல்லாயிரவர் இணையத்தில் ஒருங்கே கூடிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் ஆடுநர் செலவிடுவது பணத்தை மட்டுமன்று. ஆண்டுக்கணக்கில் வளர்த்தெடுத்த பாத்திரமும் அதன் உடைமைகளும் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தின் கணினிகளிலேயே இருக்கின்றன. நிறுவனம் ஒரு நாள் அவற்றை நிறுத்திவிட்டால் ஆடுநரிடம் எஞ்சுவது நினைவு மட்டுமே. ஆகவே புதிய விளையாட்டு ஒன்று அறிவிக்கப்படும்போது, அதன் சிறப்புகளைக் காட்டிலும் அதனை உருவாக்குவோர் முன்பு எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதையே பழகிய ஆடுநர் முதலில் நோக்குகின்றனர். தென்கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் 2007-இல் ‘ஆட்டோ அசால்ட்’, 2009-இல் ‘டபுலா ராசா’, 2012 நவம்பரில் ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ எனத் தன் விளையாட்டுகளை அடுத்தடுத்து மூடியது. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2010 செப்டம்பரில் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ பெருந்தோல்வியாயிற்று. ஆயினும் அந்நிறுவனம் தோல்வியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓராண்டுக்கு மேல் மாதக் கட்டணம் பெறாமல், பொறுப்பாளர்களை மாற்றி, அதே விளையாட்டைப் புதிதாக உருவாக்கி 2013 ஆகஸ்டில் வெளியிட்டது. தோல்வியே இல்லாத வரலாறு இவ்விரண்டில் எதற்கும் இல்லை. தோல்வியின்போது கணக்கு எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

இவ்வாறு ஒரு நிறுவனத்தின் கடந்தகால நடத்தையிலிருந்து அதன் வருங்கால நடத்தையை ஊகிப்பதற்குரிய சான்றுத் தொகுதி இக்கட்டுரையில் ‘செயற்பதிவு’ எனப்படுகிறது. தமிழில் இக்கருத்துக்குப் பழகிய சொல் ‘நாணயம்’. காசையும் நேர்மையையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கு, கொடுக்கல் வாங்கலில் ஒருவர் கைக்கு வரும் பணமும் அவரது பெயரும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்னும் உலகியலிலிருந்து பிறந்தது. இவ்விரண்டும் பிரிந்துபோகும்போது என்ன நேரும் என்பதைச் சென்னை நகரம் 1906-இல் கண்டது.

நூறாண்டுப் பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற அர்பத்நாட் நிறுவனம், பாரி, பின்னி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட சென்னையின் முதன்மையான ஆங்கிலேய வணிக நிறுவனங்களுள் ஒன்று. ஏற்றுமதி இறக்குமதி, பிற நிறுமங்களுக்கு முகவராக இருத்தல் ஆகியவற்றோடு பொதுமக்களிடம் வைப்புகளைப் பெற்று வட்டி கொடுக்கும் வங்கிப் பணியையும் அது செய்துவந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் கஃப் அர்பத்நாட் மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்தவர். ‘சர்’ பட்டம் பெற்றவர். நகரத்தின் பொது வாழ்வில் முன்வரிசையில் நின்றவர். ஓய்வூதியம் பெறுவோர், கைம்பெண்கள், சிறிய அலுவலர்கள், நிலக்கிழார்கள் எனப் பலதரப்பட்டோர் தம் சேமிப்பை அந்நிறுவனத்தில் வைத்திருந்தனர்.

அவர்கள் ஏன் அங்கு வைத்தனர் என்னும் வினாவுக்கு ‘அறியாமை’ என்று விடை கூறுவது எளிது. ஆனால் அது பிழையான விடை. 1882 முதல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி இருந்தது. எனினும் அதில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. சென்னை வங்கி அரசுத் தொடர்புடையது. அது பெரும்பாலும் ஐரோப்பிய வணிகத்தின் தேவைகளை நோக்கியே இயங்கியது. இந்தியர் நடத்திய கூட்டுப்பங்கு வங்கி எதுவும் அந்நகரில் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. இச்சூழலில், பல தலைமுறைகளாக நிலைத்து, கேட்டபோது பணத்தையும் உரிய நாளில் வட்டியையும் கொடுத்துவந்த ஒரு நிறுவனத்தை நம்பியது பகுத்தறிவுக்கு ஒவ்வாத செயலன்று. கிடைத்த சான்றுகள் அனைத்தும் ஒரே திசையையே காட்டின.

குறை எங்கு இருந்தது என்றால், கிடைத்த சான்றுகளின் தன்மையில்தான். அர்பத்நாட் ஒரு கூட்டாண்மை நிறுவனம். 1882-ஆம் ஆண்டின் இந்திய நிறுமங்கள் சட்டப்படி பதிவுபெற்ற நிறுமம் ஆண்டுதோறும் தன் இருப்புநிலைக் குறிப்பைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது; கூட்டாண்மை நிறுவனத்துக்கு அந்தக் கடப்பாடு இல்லை. எனவே வைப்பாளர் கண்டது நிறுவனத்தின் வெளிமுகம் மட்டுமே: கடற்கரைச் சாலைக் கட்டடம், பட்டம் பெற்ற பெயர், தவறாத வட்டி. இவற்றுள் மூன்றாவது மிகவும் வலிய சான்றுபோலத் தோன்றினும் உண்மையில் மிகவும் நலிந்தது. பழைய வைப்பாளருக்கு உரிய வட்டியைப் புதிய வைப்பாளரின் பணத்திலிருந்து கொடுக்கும் நிறுவனமும் கடைசி நாள் வரை தவறாமலேயே கொடுக்கும். ஒழுங்கான பட்டுவாடா நலத்துக்கும் நோய்க்கும் பொதுவான அறிகுறி.

சமூக இடைவெளியையும் இங்குக் கருத வேண்டும். அடையாற்றங்கரையில் 1890-இல் தொடங்கப்பட்ட அடையாறு கிளப் ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. 1903-இல் மயிலாப்பூர் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் தமக்கென மயிலாப்பூர் கிளப்பை அமைத்துக்கொண்டனர். இவை அருகருகே இருந்தும் தனித்தனி உலகங்கள். ஒரு வணிக நிறுவனத்தின் உண்மை நிலையைப் பற்றிய முணுமுணுப்பு எங்கேனும் எழுந்திருந்தால் அது முதலில் எழுந்திருக்கக்கூடிய இடங்களில் இந்திய வைப்பாளருக்கு நுழைவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் பணம் வைத்தவருக்கு நிலை வேறு. நகரத்தாரின் ஐந்தொகையைப் பிறர் பார்க்க இயலாது என்றாலும், ஒரு கடையின் தளர்ச்சி அச்சமூகத்துக்குள் விரைவில் தெரியவரும். பெயர் கெட்டவருக்கு மறுநாள் கைமாற்றும் கிடைக்காது. அர்பத்நாட்டைச் சுற்றி அத்தகைய கண்காணிப்பு வட்டம் ஒன்று இருந்திருப்பின், அது வைப்பாளர் எட்டாத தொலைவில்தான் இருந்தது.

1906 அக்டோபர் 22

வீழ்ச்சியின் தூண்டுகோல் இலண்டனிலிருந்து வந்தது. அர்பத்நாட்டுடன் பிணைந்திருந்த மக்ஃபேடியன் நிறுவனம் ஊக வணிகத்தில் பெருநட்டமடைந்து நொடித்தது. அதன் தலைவர் பாட்ரிக் மக்ஃபேடியன் அதே அக்டோபரில் தற்கொலை செய்துகொண்டார். 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்தியது. நிறுவனத்தின் நிலை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சீர்கெட்டிருந்தது என்பது பின்னரே வெளிவந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் குற்றவியல் வழக்கில் தண்டிக்கப்பட்டு 18 மாதக் கடுங்காவல் பெற்றார். ஆளுநரின் அவையில் அமர்ந்த ஆங்கிலேயர் ஒருவர் சென்னையில் சிறை சென்றது அக்காலத்தவர் எதிர்பாராத ஒன்று. பேச்சு வழக்கில் ‘மஞ்சள் கடுதாசி’ கொடுப்பது சிறு வணிகருக்கு உரிய இழிவாகக் கருதப்பட்டிருந்த நிலையில், நகரின் மிகப் பெரிய பெயர்களுள் ஒன்று அதனைக் கொடுத்தது.

இதன் அதிர்ச்சி அத்துடன் நிற்கவில்லை. பின்னி நிறுவனமும் அந்நெருக்கடியில் ஆட்டங்கண்டு, பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு எனப்பட்ட ஜேம்ஸ் மக்கேயின் குழுமத்திடம் சென்றது. அதாவது, ஒரு நிறுவனத்தின் செயற்பதிவு பொய்த்தபோது அதே வகையைச் சேர்ந்த பிற நிறுவனங்களின் செயற்பதிவும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. வைப்பாளர் அதுவரை ‘அர்பத்நாட்’ என்ற தனிப்பெயரை மட்டும் நம்பவில்லை, ‘ஆங்கிலேய வணிகர்’ என்னும் பொதுப்பெயரையும் நம்பியிருந்தனர் என்பதை இது காட்டுகிறது. அடிமைப்பட்ட நாட்டில் ஆள்வோரின் இனமே ஒரு செயற்பதிவாகக் கொள்ளப்பட்டது. 1906-இல் உடைந்தவற்றுள் அதுவும் ஒன்று.

கடன்கொடுத்தோருக்குச் சட்டத்தின்வழி கிடைத்தது அற்பமே. அன்று நடைமுறையில் இருந்தது 1848-ஆம் ஆண்டின் பழைய நொடிப்புச் சட்டம். மாகாணத் தலைநகரங்களுக்கான புதிய நொடிப்புச் சட்டம் 1909-இல்தான் வந்தது. நம்பிக்கை முறிந்த பிறகு சட்டம் திருந்துவது என்னும் இவ்வரிசையைச் சென்னை பின்னரும் காணவேண்டியிருந்தது.

பதிவில்லாத வங்கி

மயிலாப்பூரில் வாழ்ந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் (1863–1911) இவ்விவகாரத்தில் கடன்கொடுத்தோர் பக்கம் நின்றவர். வழக்கோடு நில்லாமல், இந்தியரே நடத்தும் வங்கி ஒன்று தேவை என்னும் முடிவுக்கு அவர் வந்தார். வீழ்ச்சிக்குப் பின் சில வாரங்களிலேயே அதற்கான முயற்சி தொடங்கிற்று. 1907 மார்ச் 5 அன்று இந்தியன் வங்கி பதிவுசெய்யப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பாரி கட்டடத்தில் பணியைத் தொடங்கியது.

இங்குதான் வரலாற்று நோக்கில் வியப்புக்குரிய வினா எழுகிறது. நூறாண்டுப் பழமையுடைய நிறுவனம் ஏமாற்றிப் பத்து மாதங்கள்கூட நிறைவுறாத நிலையில், ஒரு நாள் வரலாறும் இல்லாத நிறுவனத்திடம் அந்நகரத்தார் ஏன் பணம் கொடுத்தனர்? ‘சுதேசியம்’ என்பது வழக்கமாகத் தரப்படும் விடை. அது முழுதும் தவறன்று; ஆனால் போதாது. அர்பத்நாட் வீழ்வதற்கு ஆறு நாள் முன்பு, 1906 அக்டோபர் 16 அன்று, வ. உ. சிதம்பரனாரின் சுதேசி நாவாய்ச் சங்கம் தூத்துக்குடியில் 10 இலட்சம் ரூபாய் முதலுடன், 25 ரூபாய்ப் பங்குகளாகப் பதிவுபெற்றது. அதற்கும் நாட்டுப்பற்றே பின்புலம். அதன் பங்காளர் கொடுத்தது ஒரு போராட்டத்துக்கான பணம். இழப்பும் அதில் அடங்கும் என்பதைப் பலர் அறிந்தே கொடுத்தனர். 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். சங்கமும் சில ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. வங்கியில் வைப்பு வைப்பவரோ போராட்டத்துக்குக் கொடுப்பதில்லை. திரும்பப் பெறுவதற்காகக் கொடுக்கிறார். உணர்ச்சி அவரை வாயில்வரை அழைத்துவரலாம். பணத்தைக் கையிலிருந்து விடுவிக்க வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று, கடன்வாங்கப்பட்ட செயற்பதிவு. வங்கிக்கு வரலாறு இல்லை. அதனைத் தொடங்கியவர்களுக்கு உண்டு. கிருஷ்ணசாமி ஐயர் 1905-இல் மயிலாப்பூரில் வெங்கடரமணா ஆயுர்வேத மருந்தகத்தையும் 1906-இல் சென்னை சமஸ்கிருதக் கல்லூரியையும் நிறுவியவர். தொடங்கியதை நடத்திக் காட்டுபவர் என்னும் பெயர் அவருக்கு அப்பகுதியில் கண்கூடாகவே இருந்தது. அவர் அரசியலில் மிதவாதி. எனினும் 1907-இல் சுப்பிரமணிய பாரதியின் ‘சுதேச கீதங்கள்’ சிறு நூலை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தவரும் அவரே. தம்மை எதிர்த்த தீவிரவாத அணியைச் சார்ந்த கவிஞருக்கு அவர் செய்த இச்செயல் வங்கியோடு தொடர்பற்றதுபோலத் தோன்றலாம். ஆனால் இவ்விரு வேலையும் ஒரே ஆண்டில், ஒரே மனிதரால் நடந்தவை. வைப்பாளர் ஒரு மனிதரின் நாணயத்தை எடைபோடும்போது இத்தகைய தொடர்பற்ற செயல்களையும் சேர்த்தே எடைபோடுவர்.

கிருஷ்ணசாமி ஐயர் போன்ற வழக்கறிஞர்களின் நற்பெயர் மட்டும் முதலீட்டுக்குப் போதாது. இராமசாமிச் செட்டியாரும், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அவருடைய தம்பி அண்ணாமலைச் செட்டியாரும் வங்கியில் பங்கேற்றதனால், நகரத்தாரின் வணிக நாணயம் வங்கிக்குப் பின்புலமாயிற்று. மயிலாப்பூர் தந்தது சட்ட அறிவும் பொதுவாழ்வுப் பெயரும். செட்டிநாடு தந்தது பணமும், பணம் பற்றிய பட்டறிவும். இவ்விரு குழுவினரும் அதற்கு முன் ஒரே நிறுவனத்தில் இவ்வளவு நெருக்கமாகக் கூடியது அரிது.

இதற்கு இணையாக மற்றொன்றும் நிகழ்ந்தது; நாட்டுப்பற்றுக் கதைகூறலில் அது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. இந்தியன் வங்கி வரையறுத்த பொறுப்புடைய கூட்டுப்பங்கு நிறுமமாக அமைக்கப்பட்டது. இதனால் உரிமையாளரின் பொறுப்பு குறைந்தது. அர்பத்நாட் கூட்டாளிகள் தம் சொந்த உடைமைகளாலும் கடனுக்குப் பொறுப்பாவர், வங்கியின் பங்காளர் அவ்வாறு ஆகார். மேலோட்டமாகப் பார்த்தால் வைப்பாளருக்கு இது பாதகம். ஆனால் அதற்கு மாற்றாக அவருக்குக் கிடைத்தது தணிக்கையும், ஆண்டுதோறும் வெளிவரும் இருப்புநிலைக் குறிப்பும். வரம்பற்ற பொறுப்புடைய, கண்ணுக்குப் புலனாகாத கணக்கைக் காட்டிலும், வரம்புடைய பொறுப்போடு கூடிய, கண்ணுக்குப் புலனாகும் கணக்கு மேல் என்பதை 1906-இன் பட்டறிவு கற்பித்திருந்தது. நிறுவனர்கள் வழக்கறிஞர்கள், அர்பத்நாட்டின் நொடிப்பு நடவடிக்கைகளை அருகிருந்து கண்டவர்கள். எந்த ஏட்டைப் பார்க்க இயலாததால் தம் கட்சிக்காரர் பணமிழந்தனர் என்பதை அறிந்தவர்கள் அந்த ஏட்டைத் திறந்துவைக்கும் அமைப்பைத் தேர்ந்தது தற்செயலாக இராது. பெயரிலிருந்து பேரேட்டுக்கு நிகழ்ந்த இந்த நகர்வே இந்தியன் வங்கியின் தோற்றத்தில் கவனிக்கத்தக்கது. அர்பத்நாட் இருந்த கடற்கரை மனையிலேயே பின்னர் வங்கியின் தலைமையகம் அமைந்தது என்பது பலரும் விரும்பிச் சொல்லும் செய்தி. அதன் உருவகக் கவர்ச்சியைக் காட்டிலும் கணக்கியல் மாற்றமே ஆய்வாளருக்குப் பயன்படுவது.

நிறுவனத்துக்கு உரிய சொந்தச் செயற்பதிவு பின்னரே திரண்டது. 1913-இலிருந்து இந்தியாவெங்கும் சுதேசி வங்கிகள் பல அடுத்தடுத்து வீழ்ந்தபோதும், 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி சென்னை நகரையே உலுக்கி வீழ்ந்தபோதும் இந்தியன் வங்கி நிலைத்தது. அந்நிகழ்வுகளுக்குப் பின்னர்தான் அது தன் பெயராலேயே நம்பப்படத் தொடங்கியது எனலாம். கிருஷ்ணசாமி ஐயர் 1911-இலேயே மறைந்துவிட்டார். கடன்வாங்கிய பெயர் போனபின்னும் வங்கி நின்றது.

நிதிகள்: அருகமையின் நாணயம்

வங்கியைப் பற்றி மட்டும் பேசினால் மயிலாப்பூரின் நம்பிக்கை வரலாறு நிறைவுறாது. அர்பத்நாட் வீழ்வதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, 1872-இல், மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் தொடங்கப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் பெருகிய இத்தகைய ‘ஃபண்டுகள்’ உறுப்பினரிடமே பெற்று உறுப்பினருக்கே கடன் கொடுப்பவை. நகையடகும் வீட்டடமானமும் அவற்றின் முதன்மைத் தொழில். பிற்காலச் சட்டத்தில் இவை ‘நிதி’ என்னும் பெயரிலேயே தனி வகையாயின. 2013-ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம் 406-ஆம் பிரிவில் இவற்றைக் குறிப்பிடுகிறது.

நிதியின் நாணயம் பெயராலும் பேரேட்டாலும் மட்டும் வருவதன்று, அருகமையால் வருவது. இயக்குநர் அடுத்த தெருவில் இருப்பார், கோயிலில் எதிர்ப்படுவார், பிள்ளைகளின் திருமணத்துக்கு வருவார். இருப்புநிலைக் குறிப்பு பதிவாளரிடம் இருந்தாலும் அதனைத் தேடிப் படிக்க வேண்டிய தேவையை வைப்பாளர் உணர்வதில்லை. மயிலாப்பூரிலிருந்து மேற்கே தியாகராய நகரும் தெற்கே அடையாறும் குடியிருப்புகளாக விரிந்தபோது அங்குச் சென்ற ஓய்வூதியக் குடும்பங்கள் இப்பழக்கத்தையும் உடன்கொண்டு சென்றன. நகரம் விரிய விரிய இயக்குநர் அறிந்த முகமாக இருப்பது குறைந்தது; ‘நூறாண்டு நிறுவனம்’ என்னும் வாசகம் மட்டும் நிலைத்தது. அருகமை மறைந்தபின் நிதியும், 1906-க்கு முந்தைய அர்பத்நாட்டைப் போலவே, பெயரால் நம்பப்படும் நிறுவனமாயிற்று. இம்மாற்றம் நம்பியவர்கள் அறியாமலே நடந்தது.

1990-களில் சென்னையின் நிதி நிறுவனங்கள் பல வைப்பாளரின் பணத்தோடு வீழ்ந்தன. வைப்பாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இல் வந்தது. இம்முறையும் இழப்புக்குப் பின்னரே சட்டம். அதே பத்தாண்டில் இந்தியன் வங்கியும் வீழ்ச்சியின் விளிம்புக்குச் சென்றது: 1995–96 நிதியாண்டில் அதன் நட்டம் 1,336 கோடி ரூபாய். ஆனால் வாயிலில் வைப்பாளர் கூட்டம் திரளவில்லை. 1969-இல் நாட்டுடைமையான அவ்வங்கியை அப்போது தாங்கியது அதன் செயற்பதிவன்று, அரசின் உடைமை. 1962 முதல் வங்கி வைப்புகளுக்குக் காப்புறுதியும் உண்டு. 2020 முதல் அதன் வரம்பு 5 இலட்சம் ரூபாய். நிதிகளின் வைப்புகள் இக்காப்புறுதிக்குள் வருவதில்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் வங்கிக் கிளைக்கும் நிதி அலுவலகத்துக்கும் இடையிலான இவ்வேறுபாடு, இரண்டிலும் பணம் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை. ஏனெனில் பெயர்ப்பலகையில் தொடங்கிய ஆண்டு எழுதப்பட்டிருக்கும். காப்புறுதியின் இன்மை எழுதப்பட்டிராது.

152 ஆண்டுகளைக் கடந்த நிலையில், 2024-இல், மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில் முதிர்வடைந்த வைப்புகள் திருப்பித் தரப்படவில்லை என்னும் முறையீடுகள் எழுந்தன. காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது, கைதுகளும் நிகழ்ந்தன. குற்றம் யாருடையது என்பது நீதிமன்றம் தீர்க்க வேண்டியது. வரலாற்றாய்வுக்கு உரியது முறையிட்டவர்களின் நிலை: அவர்களுள் மூத்த குடிமக்கள் பலர், ஓய்வுக்காலப் பணத்தை வைத்தவர்கள். அர்பத்நாட்டின் வைப்பாளரைப் பற்றி மேலே கூறப்பட்ட பட்டியலின் முதல் சொல் இவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.